பாரிஜாதம், டேக் நாற்பத்தொன்று

மூக்கு அரிக்கிறது. இடது பக்கம், ஐம்பது வருஷமாகக் கண்ணாடி உட்கார்ந்து பள்ளம் விழுந்த இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே. சொறியக் கூடாது. சொறிய நினைத்தாலும் முடியாது, கிரிக்கெட் ஆடுகிறவன் மாட்டிக்கொள்வது மாதிரி ஒரு கூண்டை முகத்தின் மேல் பூட்டி, இந்தக் குழாய்க்குள் என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள் ரெஜினா. ஸ்கேன் எடுக்கிற பெண். அசையாதீங்கப்பா, முப்பத்தஞ்சு நிமிஷம்தான், அசைஞ்சா படம் கலங்கிடும், அப்புறம் முதல்லேர்ந்து எடுக்கணும் என்று சொன்னாள். நான் எந்த ஊரில் அவளைப் பெற்றேன், அப்பா என்கிறாள். போன வருஷம் வரை எல்லா ஆஸ்பத்திரியிலும் தாத்தா என்றார்கள், இப்போது மேலிடத்து உத்தரவு போலிருக்கிறது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை பத்து நிமிஷம் ஒழுங்காகத்தான் கிடந்தேன், பிறகு இந்த யந்திரம் டொக் டொக் டொக் என்று இடிக்கிற இடி ஏழு எண்ணிக்கைக்கு ஒருமுறை பிசகுவதைக் கவனித்து, அதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். தலை ஆடிவிட்டதாம். படம் போச்சாம். யந்திரம் தாளம் தப்பினால் குற்றமில்லை, அதைச் சொல்கிறவன் குற்றவாளி. இந்த நாட்டில் ஒலிப்பதிவாளனாக முப்பத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. மூக்கு. மூக்கை நினைக்காதே தயாபரா. வலது கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்திருக்கிறாள், மூச்சு முட்டினால் அழுத்தணும், மத்தபடி அழுத்தக் கூடாது. மூக்கு அரிப்பது மூச்சு முட்டுவதில் சேருமா என்று கேட்டேன். சேராதாம்.

வெளியே சுகிர்தம் உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டுக்காரி. அவள் மடியில் என் கைக்கடிகாரம், மோதிரம், வெள்ளி அரைஞாண், கைக்குட்டையில் சுற்றிய என் பற்கள் இரண்டு வரிசையும். உலோகம் எதுவும் உள்ளே வரக் கூடாதாம், பல்செட்டில் கம்பி இருக்கிறது. முதுகுப் பக்கம் நாடா வைத்த பச்சை அங்கி, வாயில் பல் இல்லை, கூண்டுக்குள் தலை. என்னை இந்தக் கோலத்தில் பார்த்துவிட்டுக்கூட அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாலு மாசமாக என் இடது காதில் ஒரு ஊளை. ஒலிநாடாவின் தலைப்பில், அளவு சரிபார்க்க, ஒரே சீரான ஒரு ஊளையைப் பதிவோம், ஆயிரம் சைக்கிள் டோன் என்று பெயர், அதே ஊளை, அதே சுருதி. சொன்னபோது அவள் நம்பவில்லை. நம்பமாட்டாள்தான், அதே வாரம் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் பர்மா ராஜாவின் பேரன் என்று அவளை நம்பவைத்திருந்தேன், மூன்று நாள் அவனுக்கு மோர் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் என் இடது பக்கம் நின்று குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறாள், நான் பேசாமல் சாப்பிட்டிருக்கிறேன். அப்போதுதான் பயந்தாளாம். பதில் சொல்லாம நீங்க இருந்ததே இல்லையே என்றாள். டாக்டர் நரம்பு பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி இருக்கலாம் என்கிறார், பட்டாணி அளவு, எடுத்தால் அந்தக் காது போகலாம், எடுக்காவிட்டால் வேறென்னவோ போகலாம், வயசையும் பார்க்கணும் என்றார். வயசை அவர் ஏன் பார்க்க வேண்டும், நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், எழுபத்தெட்டு. ஆக, தலையைத் திறப்பார்கள். திறந்தால் உள்ளே என்னென்ன இருக்கும். பட்டாணி இருக்கும். அதற்குப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கும், நாற்பது வருஷமாக. அது இந்தப் படத்தில் விழுந்துவிடுமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. விழாது. அதுதான் சிக்கல். அது எந்தப் படத்திலும் விழாமல் என்னோடு போய்விடும்.

காதில் ஹெட்போன் மாட்டியிருக்கிறாள். ஹெட்போனா இது. உள்ளே காந்தம் இருக்கக் கூடாது என்பதால் எங்கேயோ பாட்டைப் போட்டு, பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்றில் ஊதி அனுப்புகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை நம் வீட்டுக் கழிவறையில் கேட்கிற மாதிரி இருக்கிறது. என்ன பாட்டுப்பா வேணும், பக்திப் பாட்டா, பழைய பாட்டா என்று கேட்டாள், எதையாவது போடு என்றேன், எஃப்.எம். போட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் மூடாத ஒருத்தன், விபினாம், மக்களே மக்களே என்கிறான். காதுக்கு லீவு என்று ஒரு நிகழ்ச்சியாம். பாடத் தெரியாத நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், ஒரு மந்திரி, இவர்களெல்லாம் ஆசைப்பட்டுப் பாடி வெளியிட்ட பாட்டுகளாகத் தேடிப் பிடித்துப் போட்டுச் சிரிக்கிறான். ஒரு நகைச்சுவை நடிகர் சளி பிடித்த மாதிரி ஒரு தாலாட்டு. ஒரு பந்து வீச்சாளர் ஏதோ ராப் என்று பேசி மூச்சிரைக்கிறார். டொக் டொக் டொக். நடுவில் யந்திரம் வந்து பாதியைத் தின்றுவிடுகிறது, நல்லதுதான். பிறகு ஒரு அமைதி. அந்த அமைதியில் அவன் சொல்கிறான், மக்களே, இப்போ வரப்போறது எல்லாத்துக்கும் அப்பன், தமிழ் பாப் மியூசிக்கோட தலைவலித் திலகம், வில்லன் நடிகர் கடம்பவனம் பாடிய பாரிஜாதம்.

என் உள்ளங்கால் வியர்த்தது. கால் வியர்த்தால் படம் கலங்காது என்று நினைக்கிறேன். வந்துவிட்டது அந்த முன்னிசை, ஜப்பான் சின்தஸைஸரில் விமானம் இறங்குகிற சத்தம், அந்த விமானத்தைச் செய்ய மட்டும் ஒன்றரை மணி நேரம், பிறகு டிரம், பிறகு கிடாரில் ஒரு சொடுக்கு, பிறகு அந்தக் குரல். ஏரோப்ளேன் ஏறி வா பாரிஜாதம், என் இதயமே ஏர்போர்ட்டு பாரிஜாதம். பா என்று தொடங்கி ரி என்பதற்குள் மூன்று சுருதி தாண்டி, நாலாவதில் முட்டிக்கொண்டு, அங்கிருந்து மாடிப்படியில் உருளுகிற அண்டா மாதிரி இறங்கும். கழுத்தை நெரிக்கிற காட்சியில் அவர் எப்படிக் கர்ஜிப்பாரோ அதே கர்ஜனை, காதலிக்கு. விபின் சிரிக்கிறான். சிரித்துவிட்டு ஆரம்பித்தான் பாருங்கள், இந்தப் பாட்டு ரிக்கார்டிங் அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா மக்களே, கேன்டீன்ல இருந்த பாலெல்லாம் திரிஞ்சிடுச்சாம், ஸ்டுடியோ மேல பறந்த முப்பது காக்கா மயங்கி விழுந்துச்சாம், வாசல்ல இருந்த நாய் திருப்பதிக்கே போயிடுச்சாம். எனக்கு வந்த எரிச்சலில் குமிழை அழுத்தியிருப்பேன். முப்பதா. மூன்று காக்கா ஐயா. மூன்றே மூன்று, அதிலும் ஒன்று தெளிந்து எழுந்து பறந்துவிட்டது, அந்த ஒன்று எழுந்து பறந்ததால்தான் கேட்கிறவன் நம்புவான். நாய் போனது போரூருக்கு. கேட்டு வாசலில் கிடந்த செவலை நாய், இரண்டாவது சரணத்தில் எழுந்து, திரும்பிப் பார்க்காமல், போரூர் ரோட்டில் நடந்து போயிற்று. திருப்பதிக்கு ஏன் போகிறது, நாய்க்கு மொட்டையா போடுவார்கள். பொய்யை எடுத்துக்கொண்டு போகிறவன் பொய்யை ஒழுங்காகக் கையாள வேண்டாமா. அந்தப் பாலும் காக்கையும் நாயும் நான் பெற்ற பிள்ளைகள். சாலிகிராமத்தில் ஒவ்வொரு டீக்கடையிலும், யூனியன் கூட்டத்திலும், கல்யாணப் பந்தியிலும் நான் சொல்லிச் சொல்லி வளர்த்தது. நாற்பத்தோரு டேக், காக்கா, நாய். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், தயாபரன் சொன்னா அதுல ஒரு இது இருக்கும்யா என்பார்கள். இருந்தது. அதில் ஒரு இது இருந்தது.

கீங் கீங் கீங். புது மாதிரிச் சத்தம். அப்பா, இது நாலு நிமிஷம், நல்லா இருக்கீங்க, அப்படியே இருங்க என்றாள் ரெஜினா குழாய்க்குள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற குரலுக்கு எப்போதும் ஒரு பவிசு உண்டு, நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன், பித்தானை அழுத்திக்கொண்டு, நல்லா இருக்கு சார், இன்னும் ஒண்ணு போயிடலாம். பாரிஜாதம் பதிவான அன்றைக்குக் காலையிலிருந்து பதினாறு தடவை சொன்னேன். ஆடி மாசம். ஏஸி ஒரு மாதிரி இருமிக்கொண்டிருந்தது. வாத்தியங்களெல்லாம் முதல் நாளே பதிவாகிவிட்டன, எட்டுத் தடம் உள்ள நாடா, ஏழு தடத்தில் வாத்தியம், மிச்சம் ஒரே ஒரு தடம் குரலுக்கு. புது டேக் எடுத்தால் பழைய டேக் அழிந்துவிடும், அதனால் ஒவ்வொன்றும் முடிந்ததும் ஷீட்டில் நம்பர் போட்டு, ஆகாதது என்றால் என்.ஜி. என்று எழுதிவிட்டு அதன் மேலேயே அடுத்ததை அடிக்க வேண்டும். நல்லது வந்தால் ஓகே என்று எழுதி, அந்தத் தடத்தை யாரும் தொடக் கூடாது. ஒன்று என்.ஜி., இரண்டு என்.ஜி., பதினாறு வரை என்.ஜி. சிவப்பு பல்பு எரிந்ததும் அந்த மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார், எதிரில் யாரோ கதாநாயகன் கட்டிப்போடப்பட்டு நிற்கிற மாதிரி. கேஸட் கம்பெனிக்காரர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டிவிட்டார், வில்லன் பாடுகிறார் என்று. இசையமைத்த மாஸ்டர் மூக்குப்பொடி டப்பாவையே காலி செய்துவிட்டார். மூக்கு. ஐயோ, இப்போது வலது பக்கமும் சேர்ந்துகொண்டது.

ஒரு மணிக்குப் பிரியாணி வந்தது. எல்லாரும் வெளியே மரத்தடிக்குப் போனார்கள். நான் மட்டும் உள்ளே, என் பொட்டலம் ஆறட்டும் என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடம்பவனம் மைக் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தார். சாப்பிடலையா சார் என்று கேட்டேன். இறங்காது தயாபரம் என்றார், அவர் என்னைத் தயாபரம் என்றுதான் கூப்பிடுவார், அவங்க வர்றதுக்குள்ள ஒரு மானிட்டர் பார்த்துக்கட்டுமா என்றார். எங்கள் தொழிலில் ஒத்திகைக்கு மானிட்டர் என்று பெயர். மானிட்டரில் குரல் பதிவாகாது, சிவப்பு பல்பு எரியாது, ஷீட்டில் நம்பர் கிடையாது. சரி என்று வாத்தியத்தை ஓட்டினேன். ஓட்டும்போது விஷமத்துக்கு, வெறும் விஷமத்துக்கு, பதிவுப் பித்தானையும் அழுத்தினேன். பல்பு இணைப்பை மட்டும் உருவிவிட்டேன். நாளைக்கு யாருக்காவது போட்டுக் காட்டிச் சிரிக்கலாம் என்று. விமானம் இறங்கியது. டிரம். கிடார் சொடுக்கு. அவர் பாடினார்.

எப்படிச் சொல்வது. இத்தனை கதை சொல்கிறேனே, இதை மட்டும் எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. கர்ஜிக்கத் தெம்பில்லை அவருக்கு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். குரல் தாழ்ந்து, காற்று கலந்து, பக்கத்தில் இருக்கிற ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி, ஏரோப்ளேன் ஏறி வா பாரிஜாதம். அந்த அசட்டு வரி. அந்த அசட்டு வரியை அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னார். எவளோ ஒருத்தி எங்கேயோ தூர தேசத்தில் இருக்கிறாள், வர வழியில்லை, வந்தால் இறங்க இவரிடம் இடம் இருக்கிறது. பா, ரி, ஜா, தம், நாலும் அதது இருக்க வேண்டிய இடத்தில். அளவு காட்டும் முள் துள்ளவே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தவன் பிரித்தபடி இருந்தேன். முடிந்ததும் அவர், எப்படி என்று கண்ணால் கேட்டார். நான் கட்டை விரலைத் தூக்கினேன். அதை அவர் ஒத்திகைக்குக் காட்டுகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பிறகு நான் சாப்பிட்டேன். அவரும் இரண்டு கவளம் சாப்பிட்டார், என் பொட்டலத்திலிருந்து, நான்தான் வற்புறுத்தினேன். எல்லாரும் வந்தார்கள், வயிறு நிறைந்து, கண் சொருகி. மாஸ்டர் போலாமா என்றார். நான் ஷீட்டைப் பார்த்தேன். கடைசி வரி, பதினாறு, என்.ஜி. பல வருஷத்துப் பழக்கம், கை ஷீட்டைத்தான் நம்பும். பதினேழு என்று எழுதினேன், நாடாவைத் தலைக்குச் சுற்றினேன், பல்பைப் போட்டேன், பதிவுப் பித்தானை அழுத்தினேன். விமானம் இறங்கி, டிரம் வந்து, அந்த மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக் கர்ஜித்தபோதுதான் எனக்கு உறைத்தது, எதன் மேல் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. மானிட்டருக்கு நம்பர் கிடையாது. ஷீட்டில் இல்லாதது நாடாவில் இல்லை.

டொக் டொக் டொக் டொக். அப்படியே இரு. பிறகு நாற்பத்தொன்று வரை போனோம். வயிற்றில் பிரியாணி, தொண்டையில் கர்ஜனை. நாற்பத்தொன்றில் கேஸட் கம்பெனிக்காரர் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார், அது ஓகே ஆயிற்று, இப்போது ஊர் சிரிக்கிற பாட்டு அதுதான். எல்லாரும் போன பிறகு கடம்பவனம் என் அறைக்கு வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, தயாபரம், அந்த மத்தியான மானிட்டர் கொஞ்சம் தேவலையா இருந்த மாதிரி ஒரு நினைப்பு எனக்கு, அதை எடுத்தீங்களா என்றார். எடுத்தேன் சார், அழித்துவிட்டேன் சார் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். இரண்டு செகண்ட். மானிட்டரை யாரு சார் எடுப்பா, என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் இப்படித்தான் சார் இருந்துச்சு, என்றேன். அவர் தலையாட்டினார், நீங்க சொன்னா சரிதான் என்று போய்விட்டார். மறுநாளே டீக்கடையில் நான் முதல் காக்கையை விழவைத்தேன். ஏன் என்றால், அவர் பாட முடியாதவர் என்று ஊர் எவ்வளவு உறுதியாக நம்புகிறதோ அவ்வளவுக்கு நான் அழித்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும். இரண்டாவது காக்கை, மூன்றாவது, பால், நாய். அவருக்கு அதன் பிறகு காமெடி வில்லன் வேஷம்தான் கொடுத்தார்கள், உள்ளே நுழையும்போதே பின்னணியில் அந்தப் பாட்டைப் போட்டு. ஒரே ஒரு தடவை சுகிர்தத்திடம் உண்மையைச் சொன்னேன், பெரிய மழை பெய்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் வீட்டுக்குள் கிடந்தபோது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தாளு நல்லாப் பாடினாரா, இதுக்கு உங்க காக்காக் கதையே பரவாயில்லை என்றாள். நான் சொன்னதிலேயே யாரும் நம்பாத கதை அது ஒன்றுதான். சே.

சத்தம் நின்றது. அப்பா, இன்னும் ரெண்டே ரெண்டு, பத்து நிமிஷம், ரொம்ப சமத்தா இருக்கீங்க என்றாள். இடது காதில் ஊளை மட்டும். வலது காதுக் குழாயில் விபின். மக்களே, ஒரு சர்ப்ரைஸ், லைன்ல நம்ம கூட இருக்காரு, வேற யாரு, தி ஒன் அண்ட் ஒன்லி கடம்பவனம் சார். இருக்கிறாரா மனுஷன். எண்பத்தாறு இருக்குமே. வணக்கம் தம்பி என்றது ஒரு குரல், தாழ்ந்து, காற்று கலந்து. எனக்குத் தெரிந்த குரல். நான் ஒருத்தன் மட்டும் கேட்ட குரல். வயசு அவருடைய கர்ஜனையைக் கழற்றிவிட்டு அதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. விபின் என்னென்னவோ சீண்டினான், காக்காயைப் பற்றிக் கேட்டான், அவர் நானும் கேள்விப்பட்டேன் தம்பி என்றார். நாற்பத்தோரு டேக் பாடினீங்களே, அதுல ஒண்ணாவது தேறுச்சா சார் என்றான். அதற்கு அவர் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை நல்லாப் பாடின மாதிரி எனக்கு ஒரு நினைப்பு இருக்கு தம்பி. சாப்பாட்டு நேரத்துல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாபரம்னு ஒருத்தர் இருந்தாரு, அவரைக் கேட்டேன். இல்லைன்னுட்டாரு. அவரு காது அப்படி, ஒரு இம்மி தப்பாது. அதனால நானே மனசைச் சமாதானம் பண்ணிக்கிட்டேன், பசி மயக்கத்துல நாமளா நினைச்சுக்கிட்டது போலன்னு."

செம சார் என்று விபின் சிரித்தான். அந்தப் பசி மயக்கத்துலயே ரெண்டு வரி இப்போ எடுத்து விடுங்க சார் என்றான். வேண்டாம் ஐயா, பாடாதீர்கள், இவன் சிரிப்பான். இல்லை, பாடுங்கள். ஒரு தடவை. நான் சரிபார்க்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏரோப்ளேன் ஏறி வா, என்று தொடங்கினார், வாத்தியமில்லை, விமானமில்லை, அந்த வா சரியாக வந்து நின்றது, நாற்பது வருஷம் முன்னால் நின்ற இடத்திலேயே, அடுத்து பா வர வேண்டும். ட்ர்ர்ர்ர்ர்ர் என்று யந்திரம் இடித்தது. குழாயே அதிர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பா எங்கே, ரி எங்கே, எல்லாவற்றின் மேலும் அடித்துக்கொண்டு போகிறது, நானே பித்தானை அழுத்தி அழிக்கிற மாதிரி, மறுபடியும், அதே பாட்டை, அதே இடத்தில். கையிலிருந்த குமிழை அழுத்தினேன். அழுத்தினேன். ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று ரெஜினா சொல்லியிருந்தாள், நான் ஏழு தடவை அழுத்தியிருப்பேன்.

யந்திரம் நின்றது. ரெஜினா ஓடி வந்து என்னை வெளியே இழுத்தாள், மூச்சு முட்டுதா, நெஞ்சு வலிக்குதா என்றாள். குழாயில் பல்பொடி விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. போன் பண்ணணும் என்றேன். பல் இல்லாமல் அது வேறென்னவோவாக வெளியே வந்தது, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த ரேடியோக்காரன் நம்பருக்கு. அவள் அப்படி என்னை முறைத்து நான் பார்த்ததில்லை. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்ப்பா, இப்போ முழுக்க முதல்லேர்ந்து எடுக்கணும் என்றாள். எடுப்போம் என்றேன். உள்ளே போன் கொண்டுவரக் கூடாதாம், காந்தம் இழுத்துவிடுமாம், பச்சை அங்கியின் பின்பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தேன். சுகிர்தம் வாசலுக்கு வந்துவிட்டாள், முகம் வெளுத்து, ரெஜினா காரணத்தைச் சொன்னதும் அந்த வெளுப்பு அப்படியே எரிச்சலாக மாறியது. இப்ப என்ன கதை ஆரம்பிக்கிறீங்க என்றாள். கைக்குட்டையை நீட்டினாள். பல்லுக்கு நேரமில்லை. ரெஜினா தன் போனில் எண்ணை ஒற்றினாள், முதல் தடவை பாட்டுச் சத்தம், இரண்டாம் தடவை கிடைத்தது, யாரோ ஒரு பெண் பெயரைக் கேட்டாள், சொன்னேன், காத்திருக்கச் சொன்னாள், பிறகு விபின், யாரு சார் லைன்ல என்றான், குழந்தை மாதிரிப் பேசுறீங்களே என்றான். தயாபரன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குப் பின்னால், இன்னும் வைக்காமல் இருந்த மற்ற லைனிலிருந்து, தயாபரமா, என்றது அந்தக் குரல்.

"சார், அந்த மானிட்டரை எடுத்தேன். பல்பைக் கழட்டிட்டு எடுத்தேன். நல்லா இருந்துச்சு சார், சுத்தமா இருந்துச்சு. நான்தான் பதினேழை அதுமேல அடிச்சிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

பத்து செகண்ட் ஒன்றுமே இல்லை. ரேடியோவில் பத்து செகண்ட் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். விபின் அதைச் சிரித்து நிரப்பப் பார்த்தான், செம கலாய் மக்களே என்று ஆரம்பித்தான். தம்பி, ஒரு நிமிஷம் சிரிக்காம இருங்க, என்றார் கடம்பவனம். அவன் நிறுத்திவிட்டான். பழைய வில்லன் இன்னும் எங்கேயோ கொஞ்சம் இருக்கிறார்.

"அது எத்தனாவது டேக் தயாபரம்?"

"நம்பர் போடலை சார். அதான் தப்பாப் போச்சு."

"ம்." மூச்சு கேட்டது. "பசிதான், இல்லையா."

"பசிதான் சார். அப்புறம் நான்தான் உங்களைச் சாப்பிட வெச்சேன்."

அவர் சிரித்தாரா, இருமினாரா, அதற்குள் லைன் போய் விளம்பரம் வந்துவிட்டது. எல்லா நல்ல இடத்திலும் ஒரு விளம்பரத்தைச் செருகுவதற்கென்றே எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். போனைத் திருப்பிக் கொடுத்தேன். சுகிர்தம் என் இடது பக்கம் நின்றுகொண்டிருந்தாள், ஏதோ சொன்னாள், கேட்கவில்லை, திரும்பி வலது காதைக் கொடுத்தேன். அது நெசமாவா, மழையன்னிக்கே சொன்னீங்களே, என்றாள். நான் தலையாட்டினேன். அவள் என் அங்கியின் பின்பக்க நாடாவை இழுத்துக் கட்டிவிட்டாள், கொஞ்சம் வேகமாகவே, முடிச்சு முதுகில் குத்துகிறது.

குத்துகிறது. மறுபடி கூண்டு, மறுபடி குழாய், மறுபடி ரப்பர் குமிழ், இந்தத் தடவை அதைக் கொடுப்பதற்கு முன் ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். பாட்டு வேணுமாப்பா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். மூக்கு அரிக்கிறது, அதே இடம், ஒரு விரற்கடை கீழே, அரிக்கட்டும். ஊளை இருக்கிறது, இருக்கட்டும், நாடாவின் தலைப்பில் அது இருக்கத்தான் வேண்டும், அதற்கப்புறம்தான் பாட்டு. விமானம் இறங்குகிறது. டிரம். கிடார் சொடுக்கு. பா, ரி, ஜா, தம், நாலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, வேறு எங்கேயும் இல்லை, இங்கே இருக்கின்றன, பட்டாணிக்குப் பக்கத்தில். படத்தில் விழுந்தால் விழட்டும், எடுத்துக்கொள்ளட்டும். அப்பா, ஆரம்பிக்கிறேன், அசையாதீங்க என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் குரல். ரெஜினா, ஷீட்டில் இதை மூன்று என்று நம்பர் போட்டுக்கொள், என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தலை ஆடும். சொல்லாமல் கிடந்தேன்.